பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதா, வீட்டில் வைத்தே பார்ப்பதா?

"டீச்சர், இவனை எங்கயாச்சும் சாமி கும்பிடுற இல்லமாப் பாத்துச் சேத்துவிடுங்க, நாலு நல்லது கத்துக்கிட்டு வரட்டும்." ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வந்தால் உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்திலிருந்து இப்படிக் கேட்டு வருகிறவர்கள் குறைவதில்லை. கேட்பது பெரும்பாலும் தனியாக நிற்கிற அம்மா, இல்லையென்றால் அப்பத்தா, சில சமயம் தாய்மாமன். பையன் பொய் சொல்கிறான், காசு எடுக்கிறான், பள்ளிக்கூடம் போகாமல் கண்மாய்ப் பக்கம் சுற்றுகிறான், பொம்பளப் பிள்ளை யாரிடமும் வாய் திறப்பதில்லை, ராத்திரி அலறி எழுந்திருக்கிறாள் என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பேசினால்தான் மிச்சம் வரும். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்திருப்பார், அல்லது அம்மா திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர் திரும்பியிருக்க மாட்டார், அல்லது வீட்டுக்குள்ளேயே யாரோ ஒருவர் பிள்ளையிடம் தப்பாக நடந்திருப்பார்.

இவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எந்தப் பிள்ளைக்குச் சரிப்படும் என்று எனக்குத் தெரிந்தவரை ஒப்பிட்டு எழுதுகிறேன். நான் சாமி நம்பிக்கை உள்ள ஆள். சமய அமைப்பு நடத்துகிற ஒரு குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் பாடம் சொல்லிக் கொடுக்கவும் போகிறேன். அங்கே சில பிள்ளைகள் தெளிந்து வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும், கேட்டு வருகிற எல்லோரையும் இல்லத்துக்கு அனுப்பிவைப்பதில்லை.

முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு இப்போது இருக்கிற இடத்தில் ஆபத்து இருக்கிறதா? அடிக்கிறவரோ, பாலியல் தொந்தரவு செய்கிறவரோ அதே வீட்டில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அன்றைக்கே கூப்பிட வேண்டும், ராத்திரியானாலும் எடுப்பார்கள். பாலியல் குற்றம் என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் போலீசிலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும், மறைப்பதே குற்றம். குடும்ப மானம் போய்விடும் என்று பயந்து பிள்ளையைச் சத்தமில்லாமல் ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்டு வருவது அந்தப் பிள்ளையை மட்டுமில்லை, அதன் வாயையும் சேர்த்துத்தான் கட்டிவிட்டு வருகிறார்கள். அந்தத் தப்பைச் செய்தவர் வீட்டில் நிம்மதியாக இருப்பார், பிள்ளைக்கோ ஊரை விட்டுப் போன தண்டனை.

அப்படி ஆபத்து இல்லை, பிள்ளையின் நடத்தைதான் பிரச்சினை என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் வைத்தே பார்ப்பதுதான் முதல் வழி. மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டால் பார்க்கிறார்கள், மாத்திரைக்கும் காசில்லை. அவ்வளவு தூரம் வர முடியாது என்றால் 14416 என்கிற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த ஊரில் மனநலத்துக்கென்றே 1992-லிருந்து எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை இயங்கி வருகிறது. எனவே மதுரைக்காரர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கூலி வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு, அதையும் மறக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். ஒரு முறை போய்விட்டு "ஒண்ணும் மாறல" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

கோடாங்கியிடம் குறி கேட்பது, பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போவது, கோரிப்பாளையம் தர்காவில் மந்திரிப்பது, ஜெபக் கூட்டத்தில் கை வைத்து ஜெபிப்பது, இதெல்லாம் நம் பக்கத்தில் நடக்கிறதுதான். போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. பிள்ளையை அடிக்காமல், பயமுறுத்தாமல், பட்டினி போடாமல் திருநீறு பூசுவதால் ஒரு கெடுதியும் வராது, வீட்டார் மனசுக்குத் தைரியம் வரும். ஆனால் வலிப்பு வருகிற பிள்ளைக்கு, பத்து வயதிலும் படுக்கையை நனைக்கிற பிள்ளைக்கு, எழுத்துகள் மாறி மாறித் தெரிவதால் படிக்க முடியாமல் தவிக்கிற பிள்ளைக்கு ஓ.பி. சீட்டும் சேர்த்தே வேண்டும். படிப்பு வராத கோபத்தில் பெஞ்சை உடைக்கிற பையனுக்கு "பேய்" என்று பெயர் வைத்து விட்டிருப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

அடுத்தது உறவுக்காரர் வீடு. என்னைக் கேட்டால் அப்பா அம்மாவால் முடியாதபோது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுதான் நல்லது. அப்பத்தா கையால் சோறு, தெரிந்த தெரு, அதே பள்ளிக்கூடம். இதற்குத் தடையாக இருப்பது அநேகமாகப் பணம்தான், அந்தப் பணத்துக்கு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மிஷன் வத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்குள், நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். விதவையான அல்லது கைவிடப்பட்ட அம்மாவிடமோ உறவுக்காரரிடமோ வளர்கிற பிள்ளை, அப்பா அம்மாவுக்குப் பெரிய நோய் இருக்கிற பிள்ளை என்று தகுதி வகைகள் உண்டு. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வருகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டுப் போய் மனு கொடுங்கள். மனு எழுத ஆள் இல்லை என்றால் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூட டீச்சரைக் கேளுங்கள், எழுதித் தருவார். பணம் இல்லாத ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டை விட்டுப் பிரிக்கக் கூடாது, பிரிக்கவும் தேவையில்லை.

உறவுக்காரர் வீட்டிலும் சிக்கல் உண்டு, மறைக்க வேண்டாம். சொத்துத் தகராறு இருக்கிற வீட்டில் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். பொம்பளப் பிள்ளையைத் தாய்மாமன் வீட்டில் விட்டால் அவள் பெரியவளானதுமே "நம்ம பயலுக்குத்தான்" என்று முறை பேச ஆரம்பித்துவிடுவார்கள், பத்தாம் வகுப்போடு படிப்பு நிற்கும், பதினெட்டு ஆவதற்குள் கல்யாணப் பேச்சு வரும். இந்தப் பக்கத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அப்படிப்பட்ட வீடு என்றால் சித்தி வீடோ பெரியம்மா வீடோ பாருங்கள், அதுவும் இல்லையென்றால் நல்ல இல்லமே மேல்.

அரசு விடுதிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கள்ளர் சீரமைப்பு விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று இருந்து 2025-இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியவை எல்லாம் படிக்க வசதியில்லாத பிள்ளைக்கு, ஊரில் மேல்நிலைப் பள்ளி இல்லாத பிள்ளைக்குப் பெரிய உதவி. மனசு உடைந்த பிள்ளைக்கு அது இடமில்லை. ஒரு வார்டன், ஒரு சமையல்காரர், அறை நிறையப் பிள்ளைகள், ராத்திரி அலறி எழுந்தால் பக்கத்தில் வந்து உட்கார யார் இருக்கிறார்?

இனி நம்பிக்கை சார்ந்த இல்லங்கள். ஃபாதர் நடத்துகிறது, சிஸ்டர்கள் நடத்துகிறது, மடத்தோடு சேர்ந்தது, ஆசிரமம், முஸ்லிம்கள் நடத்துகிற யத்தீம்கானா என்று மதுரையைச் சுற்றிப் பல வகை உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தப்பு. நன்றாக நடக்கிற ஒன்றுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது நாளின் ஒழுங்கு. காலையில் மணி, பிரார்த்தனை, இட்லி, பள்ளிக்கூடம், சாயங்காலம் விளையாட்டு, படிப்பு, மறுபடி பிரார்த்தனை, தூக்கம். நமக்கு அது சலிப்பாகத் தெரியலாம். அப்பா எந்த நேரத்தில் எந்த நிலையில் வீட்டுக்கு வருவார் என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே பாதி மருந்து. தலையணைக்கு அடியில் இட்லியை ஒளித்து வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்குச் சோறு கிடைக்காது என்ற பயம். திட்டாமல், தேடி எடுத்து அவமானப்படுத்தாமல், வேளை தவறாமல் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போகும். பாட்டும் உதவுகிறது. தேவாரமோ கீர்த்தனையோ எதுவானாலும், பேச்சே வராத பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து பாடும்போது மட்டும் வாய் திறக்கும். அப்புறம்தான் பேச்சு வரும்.

நம்பிக்கை இல்லங்கள் மற்ற இடங்களைவிட நன்றாகச் செய்கிற ஒரு காரியம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இறந்தவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்தவர்கள், அதுவும் குடி, விபத்து, மருந்து குடித்துச் சாவது என்று வெளியே சொல்லக் கூசுகிற விதத்தில். எழவு வீட்டில் பெரியவர்கள் அழுகிறார்கள், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் அந்தப் பெயரையே வீட்டில் எடுப்பதில்லை. பிள்ளை யாரிடம் போய் அழும்? ஒரு நல்ல இல்லத்தில் கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2-இல், அந்தப் பிள்ளை தன் அம்மாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றலாம். ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடலாம். ஃபாத்திஹா ஓதலாம். "எங்க அம்மா எங்க இருக்கு சிஸ்டர்?" என்று கேட்கலாம், அந்தக் கேள்விக்குக் கூச்சப்படாமல் பதில் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். ஆஸ்பத்திரியில் இருபது நிமிடம் பேசுகிற டாக்டரால் இதைச் செய்ய முடியாது, அரசு இல்லத்தில் யாரும் பொறுப்பெடுத்துச் செய்வதும் அபூர்வம். துக்கம்தான் பிள்ளையின் முதன்மையான காயம் என்றால் நான் நம்பிக்கை இல்லத்தின் பக்கம்தான் சாய்வேன்.

இது வெறும் என் அபிப்பிராயம் என்று நினைக்க வேண்டாம். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது, நம் தமிழ்நாட்டு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடுமையான மனநோயாளிகள் 31 பேரைப் பற்றியது. சராசரியாக ஆறு வாரம் தங்கியிருக்கிறார்கள், நோய்க்குறிகளின் அளவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. பெரிய பரிகாரமோ பேயோட்டலோ அங்கே நடக்கவில்லை. காலையில் சிறு பூஜை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரியான வேலைகள், மிரட்டாத மனிதர்கள். ஆய்வாளர்களும் அந்த ஆதரவான சூழலுக்குத்தான் பலனைச் சேர்த்துச் சொன்னார்கள். அந்த நோயாளிகள் பெரியவர்கள், இங்கே நாம் பேசுவது குழந்தைகள், எனவே அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் சாமி இருக்கிற இடத்தில் ஆறுதல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சான்று.

ஆட்கள் நிலையாக இருப்பது இன்னொரு பலம். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901-இல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கியபோது பிள்ளைகளைக் கவனித்த பெண்கள் "அக்காள்" என்றே அழைக்கப்பட்டார்கள், ஆண்கள் "அண்ணாச்சி". இன்றைக்கும் துறவு வாழ்க்கையை ஏற்றவர்கள் நடத்துகிற இல்லங்களில் ஒரே அக்காவோ சிஸ்டரோ பல வருடம் இருப்பதுண்டு. ஷிப்ட் மாற்றி வருகிற சம்பள ஆளைவிட, ஒரே முகத்தைத் தினமும் காலையிலும் ராத்திரியிலும் பார்க்கிற பிள்ளை சீக்கிரம் தேறும். சபையே அந்த சிஸ்டரை நடுவில் மாற்றல் செய்துவிட்டால் எல்லாம் கலைந்துபோகும், அதனால் சேர்க்கும்போதே "நீங்க எத்தனை வருஷம் இங்க இருப்பீங்க?" என்று கூசாமல் கேளுங்கள். இத்தாலியின் தூரின் நகரத்தில் தெருப்பிள்ளைகளோடு வாழ்ந்த தொன் போஸ்கோ (1815–1888) பிள்ளை வளர்ப்புக்கு அறிவு, இறைப்பற்று, அன்பு என்று மூன்றைச் சொல்லி, தண்டனையைத் தவிர்க்கச் சொன்னார். அவருடைய சலேசிய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தவர்கள். ஒரு சபை தன் நிறுவனரின் பெயரைச் சொல்லும்போது அவர் பிரம்பை எடுக்க வேண்டாம் என்று சொன்னதையும் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, கெட்டதைச் சொல்லாமல் விட்டால் அது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம்.

முதல் கெடுதி, வற்புறுத்தி மன்னிக்க வைப்பது. "அப்பாவை மன்னிச்சிரு, சாமி உன்னை ஆசீர்வதிப்பார்" என்று அடிபட்ட பிள்ளையிடம் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பிள்ளை காதில் அது வேறு மாதிரி விழுகிறது: எனக்கு நடந்தது பெரிய விஷயமில்லை, கோபப்படுகிற நான்தான் தப்பு. மன்னிப்பு வந்தால் அந்தப் பிள்ளை பெரியவனாகி, தானாக, தன் நேரத்தில் வரட்டும். அதேபோல் பயத்தைப் பாவம் ஆக்குவது. படுக்கையை நனைத்தால் பாவம், பொய் சொன்னால் நரகம், கெட்ட கனவு வந்தால் பிசாசு. ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இன்னொரு அடிக்கிற அப்பாவைக் கடவுள் என்ற பெயரில் அறிமுகப்படுத்துவது இது. "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று சொல்கிற இல்லம் எந்த மதத்துடையதாக இருந்தாலும் அங்கே உங்கள் பிள்ளையை விடாதீர்கள், வாசலிலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பிள்ளையின் கதையைக் காட்டிக் காசு வாங்குவது. பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நன்றிப் பாட்டுப் பாட வைப்பதும், மேடையில் ஏற்றி "என் அப்பா என்னை என்ன செய்தார்" என்று சாட்சி சொல்ல வைப்பதும், படத்தை ஃபேஸ்புக்கில் போடுவதும் இன்னும் நடக்கிறது. பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் பெயரையும் படத்தையும் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஆறிவருகிற புண்ணை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து காட்டினால் அது எப்போது ஆறும்? சாப்பாடு போடப் போகிற நம்மைப் போன்றவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மதம் மாற்றுவது பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை, நேராகவே சொல்கிறேன். இந்துக் குடும்பத்துப் பிள்ளை சிஸ்டர்கள் இல்லத்தில் இருப்பதும் கிறிஸ்தவப் பிள்ளை ஆசிரமத்தில் இருப்பதும் நம் ஊரில் சாதாரணம். பிரார்த்தனையில் உட்காரப் பிடிக்காத பிள்ளை அந்த நேரத்தில் வேறு அறையில் படிக்கலாமா, பொங்கலுக்கும் குலசாமி கும்பிடவும் வீட்டுக்கு விடுவார்களா, பிள்ளையின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். வீட்டையும் அப்பா அம்மாவையும் இழந்த பிள்ளைக்குப் பெயரும் குலசாமியும்தான் கையில் மிச்சமிருக்கிறது, அதையும் பிடுங்கிக்கொண்டு கொடுக்கிற சோறு எந்தச் சாமிக்கும் உவப்பாகாது.

பூட்டிய கதவுக்குப் பின்னால் நம்பிக்கை என்ன ஆகும் என்பதற்குத் தென்மாவட்டக்காரர்களுக்கு ஏர்வாடியைவிட வேறு உதாரணம் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்தார்கள். மதுரையிலேயே 2021-இல் ஒரு காப்பகத்தில் ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் செய்து, குழந்தையை விற்றது அம்பலமானது. இரண்டு இடத்திலும் வெளியாள் உள்ளே போய்ப் பார்க்கிற வழக்கம் சரியாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எனவே இல்லத்தைப் பார்க்கப் போகிறபோது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா, அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. "குழு கிழுவெல்லாம் வேண்டாம், நேரா கொண்டாந்து விடுங்க" என்று சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோய், அவர்கள் உத்தரவோடுதான் சேர்க்க வேண்டும். பெற்றோர் பலர் இதைக் கோர்ட்டு என்று பயப்படுகிறார்கள். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்கிற குழு அது, உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார், பிள்ளையிடம் தனியாகப் பேசுவார்கள். வெற்றுத்தாளிலோ பத்திரத்திலோ கையெழுத்து வாங்கினால் போடவே போடாதீர்கள். பிள்ளையை ஒப்படைப்பது என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை அந்தக் குழுவின் முன்தான் செய்ய முடியும், மனசு மாற இரண்டு மாதம் அவகாசமும் உண்டு.

அப்புறம் சொல்லாமல் ஒருநாள், சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடினால் நல்லது. எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நின்று கைகூப்பினால் எனக்குக் கவலை வரும். தப்பு செய்தால் என்ன செய்வீர்கள் என்று வார்டனைக் கேளுங்கள், அதே கேள்வியைச் சமையல் அக்காவிடமும் கேளுங்கள், இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லத்தில் பிள்ளையை அடிப்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவின் கீழ் குற்றம், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம். கவுன்சிலிங் தர யார் வருகிறார், டாக்டரிடம் கூட்டிப் போவது யார், பிள்ளை தன் குறையைச் சொல்ல இல்லத்துக்கு வெளியே ஓர் ஆள் உண்டா, 1098 என்ற எண் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு குழந்தைகள் இல்லத்தோடு ஒப்பிட்டால், சட்டக் கண்காணிப்பும் ஆவணமும் அரசு இல்லத்தில் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம், மதத் திணிப்பு பயம் கிடையாது. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதும் வீட்டு வாடை இல்லாததும் அதன் குறை. பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளை, வழக்கு நடக்கிற பிள்ளை என்றால் நான் அரசு இல்லத்தையோ, குழு நேரடியாகக் கண்காணிக்கிற இல்லத்தையோதான் சொல்வேன். அங்கே சாட்சியத்தை யாரும் கலைக்க மாட்டார்கள், "சமாதானமாப் போயிரலாம்" என்று பேச ஃபாதரையோ சாமியாரையோ யாரும் தூது அனுப்பவும் முடியாது.

ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு எந்த இல்லமும் வேண்டாம், எவ்வளவு பக்தியான இல்லமானாலும் சரி. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் இல்லத்தில் வளர்ந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியைக் குடும்பங்களில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சியும் ஒட்டுதலும் நன்றாக இருந்தது, இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. சின்னப் பிள்ளைக்கு உறவுக்காரர் இல்லையென்றால் வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பம் பற்றிக் குழந்தைகள் நலக் குழுவிடமே கேளுங்கள், நம் பக்கத்தில் அது இன்னும் பரவலாகவில்லை, ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்து, வைத்துப் பார்க்க ஆளில்லாமல் நிற்கிற பிள்ளைக்கு நல்ல நம்பிக்கை இல்லம் ஒரு வரம். கஞ்சா, சொல்யூஷன் (பசை) முகர்கிற பழக்கம் இருக்கிற பதினைந்து வயதுப் பையனுக்கு முதலில் டாக்டர், பிறகுதான் மற்றது. பிரார்த்தனையால் மட்டும் அந்தப் பழக்கத்தை விடுவிக்க முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெறும் சேட்டைக்காரப் பையனை "திருந்தட்டும்" என்று அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அவன் எடுத்துக்கொள்வது திருத்தத்தை அல்ல, தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதைத்தான்.

சேர்ப்பது என்று முடிவாகிவிட்டால் பக்கத்திலேயே பாருங்கள். ஒரே டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம் என்றால் அம்மா டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, வாரம் தவறாமல் போகலாம். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டிய இடம் என்றால் முதல் மூன்று மாதம் போவீர்கள், அப்புறம் தீபாவளிக்குத்தான் போவீர்கள். பார்க்க வரக் கூடாது, மனசு கெட்டுவிடும் என்று சொல்கிற இல்லம் வேண்டாம். பள்ளியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கிற பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இல்லத்தின் சொந்தத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஒதுக்கீடு போய்விடும்.

எவ்வளவு காலத்துக்கு என்று முதல் நாளே பேசுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்பது விதி, அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், அதில் வீட்டுக்குத் திரும்புகிற வழி எழுதியிருக்க வேண்டும். பிள்ளை அங்கே இருக்கிற அந்த ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டில் என்ன மாறப் போகிறது என்பதும் அதில் வர வேண்டும், அப்பா குடியை நிறுத்த சிகிச்சைக்குப் போகிறாரா, அம்மா திருப்பூரிலிருந்து வருகிறாரா, அப்பத்தாவுக்கு அந்த 4,000 ரூபாய் கிடைத்துவிட்டதா என்று. திரும்பிப் போக வீடே இல்லாத பிள்ளை என்றால், போன வருடம் பதினெட்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இல்லத்தாரைக் கேளுங்கள். 18-இலிருந்து 21 வயது வரை பின்தொடர் பராமரிப்புக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் வழி இருக்கிறது, அதற்கான மனுவை எப்போது கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள். நல்ல இல்லத்தார் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, யார் ஐ.டி.ஐ. படிக்கிறார், யார் நர்சிங் படிக்கிறார், யார் வேலைக்குப் போய்விட்டு லீவுக்கு இங்கே வந்து தங்குகிறார் என்று சொல்வார்கள்.